ஒரே பயணம், ரெண்டு வேஷம்

எனக்கு ஒரு பாட்டு மேல் தீராத கோபம் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எத்தனை வருஷம்தான் உள்ளுக்குள்ளேயே புலம்புவது? போன வாரம் அத்தை பையன் வாட்ஸப்பில் ஒரு நாற்பது செகண்ட் வீடியோ அனுப்பி, ஆறிக்கொண்டிருந்ததைச் சொறிந்துவிட்டான். ஆகவே மக்களே, இது கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் வீடியோ. மட்டாஞ்சேரியில், காயலை ஒட்டிய பஜார் ரோட்டில், ஒரு பழைய பாண்டிகசாலையை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். (பாண்டிகசாலை என்றால் நம்ம பண்டகசாலைதான், கிடங்கு.) பேரெல்லாம் வேண்டாம். அதற்கு ஒரு விளம்பரம். தண்ணீர் மேலிருந்து ட்ரோன் மெதுவாக ஏறுகிறது. ஓட்டுக்கூரைகள், ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு மசூதி, யூதத்தெரு மணிக்கூண்டு. முற்றத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். வெளுத்த வேட்டி கட்டிய ஒருவர், வியர்வை ஒரு பொட்டு இல்லாமல், ஒரு சாக்குமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார். பின்னணியில் அந்தப் பாட்டின் கீபோர்டு.

அந்தக் கிடங்கு எனக்குத் தெரியும். அப்பா அங்கேதான் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதினார். அந்த முற்றத்தில் மிளகு காயப்போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்காகக் காத்திருக்கும்போது மூக்கு எரியும், தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணி வரும். இப்போது அங்கே தியானம் நடக்கிறது. நடக்கட்டும்.

வீடியோவைப் பக்கத்து வீட்டு இக்காவிடமும் காட்டினானாம் அத்தை பையன். இக்கா அந்தக் காலத்துச் சுமட்டுத் தொழிலாளி. முழங்கால் இரண்டும் போய் இப்போது திண்ணையோடு சரி. ரெண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மோனே, அந்தச் சாக்குல காத்துதான் இருக்கு" என்றாராம். மூட்டை தூக்கியவனுக்குத் தெரியாதா, கனம் இருந்தால் கழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று?

*

சரி, பாட்டுக்கு வருகிறேன். டுரான் டுரான் என்று ஒரு கோஷ்டி. 1978இல் பர்மிங்காமில் ஆரம்பித்தது. பங்க் இசை ஓய்ந்தபோது பிரிட்டனில் 'நியூ வேவ்' என்று ஒரு அலை வந்தது. சிந்தசைஸர், அலங்காரமான உடுப்பு, நன்றாக வாரிய தலை. அந்த அலையில் அதிகம் மினுங்கியவர்கள் இவர்கள். 1982 மே மாதம் 'ஹங்ரி லைக் தி வுல்ஃப்' என்று ஒரு பாட்டு விட்டார்கள். பிரிட்டன் பட்டியலில் 5ஆம் இடம். சூடு ஆறுவதற்குள் அடுத்ததை விட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். விட்டார்கள். அதே ஆகஸ்டில் 'சேவ் எ பிரேயர்'. முந்தையதைவிட மேலே ஏறி 2ஆம் இடம். முதலிடத்தில் 'ஐ ஆஃப் தி டைகர்' உட்கார்ந்துகொண்டு நகரவில்லை, இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்கும்.

இந்த ரெண்டு பாட்டுக்கும் படம் பிடித்தது ஒரே பயணத்தில், ஒரே நாட்டில். 1982 ஏப்ரலில் இலங்கையில். இயக்கியவர் ரஸல் மல்கஹி என்ற ஆஸ்திரேலியர். அமெரிக்காவில் எம்டிவி ஆரம்பித்து அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை. காட்டுவதற்கு அவர்களிடம் படம் பத்தவில்லை. கண்ணுக்கு விருந்தாக வந்த இந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இந்தக் கோஷ்டி அமெரிக்காவுக்குள் நுழைந்ததே அந்த வழியாகத்தான். 1984இல் கிராமி விருதுகளில் வீடியோவுக்கான பரிசுகளைக் கொடுத்தபோது, 'ஹங்ரி லைக் தி வுல்ஃப்' இருந்த வீடியோத் தொகுப்புக்கும் ஒன்று கிடைத்தது.

இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் பாட்டில் இலங்கை என்பது காடு. சந்தை நெரிசல், புதர், ஆறு, உடம்பெல்லாம் சாயம் பூசி மிருகம் மாதிரிப் பாயும் ஒரு பெண், அவளைத் துரத்தும் வெள்ளைக்காரக் கதாநாயகன். 1981இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தின் வாடை மூக்கைத் துளைக்கும். ரெண்டாவது பாட்டில் அதே இலங்கை சாந்த சொரூபம். பொலன்னறுவையின் கல் புத்தர், சிகிரியாக் குன்றின் உச்சி, அதைச் சுற்றிப் பறக்கும் ஹெலிகாப்டர் கேமரா, தென்கடற்கரை, யானை.

ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே கேமராக் கூட்டம். முதல் பாட்டுக்குப் பயங்கர வேஷம், அடுத்த பாட்டுக்குப் பக்தி வேஷம். நடுவே ஒரு வேஷமும் கிடையாது. அந்த ஊரில் யாராவது காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்களா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறார்களா, யாரையாவது பார்த்துப் பயப்படுகிறார்களா என்பதெல்லாம் ரெண்டு வீடியோவிலும் தெரியாது.

பாட்டின் பேரில் பிரார்த்தனை இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஒரு ராத்திரி உறவைப் பற்றிய பாட்டு. காலையில் அவரவர் வழியில் போய்விடலாம், பிரார்த்தனையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சாரம். அதைக் கொண்டுபோய் 12ஆம் நூற்றாண்டுப் புத்தர் சிலைகளுக்கு முன்னால் வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். எனக்கு இதில் மதக்கோபம் எதுவும் இல்லை. பாட்டு அந்தப் பெண்ணிடம் என்ன சொல்கிறதோ, அதையேதான் கேமரா அந்த நாட்டிடம் சொன்னது என்பதுதான் என் கோபம். வந்தோம், அழகாக இருந்தாய், கிளம்புகிறோம்.

*

அந்த ஏப்ரலில் இலங்கை எப்படி இருந்தது?

பத்து மாதம் முன்னால், 1981 மே 31 ராத்திரி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 புத்தகங்கள், ஓலைச்சுவடிகள் எல்லாம் சாம்பல். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதே வருஷம் டிசம்பரில், பொதுத்தேர்தல் வைக்காமலே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொள்ள ஒரு வாக்கெடுப்பு. அடுத்த ஜூலையில் கொழும்பே எரிந்தது. 1983 ஜூலையில் என்ன நடந்தது என்று தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. சுற்றுலாவில் இலங்கைக்கு 1982 அதுவரை காணாத உச்சம். அந்த வருஷம் 4 லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். எரிந்த நூலகத்துக்கும் எரியப்போகும் கொழும்புக்கும் நடுவில் அத்தனை பேர் வந்து, அத்தனை கேமராவில் படம் பிடித்து, புத்தரையும் யானையையும் கொண்டுபோனார்கள். அதனால்தான் 83 ஜூலை வந்தபோது, அட, இந்தச் சொர்க்கத்திலா இப்படி என்று மேற்கே பலர் ஆச்சரியப்பட்டார்கள். சொர்க்கத்தில் எப்படி நடந்தது என்று கேட்கிறவருக்கு 1958ம் தெரியாது, 1977ம் தெரியாது, 1981ம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹெலிகாப்டரிலிருந்து தெரிந்தது மட்டும்.

பொலன்னறுவையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. படம் பிடித்த அதே பழைய நகரத்துக்குள், சோழர்கள் கருங்கல்லில் கட்டிய சிவன் கோயில் ஒன்று இன்றும் நிற்கிறது. வானவன் மாதேவி ஈஸ்வரம். 11ஆம் நூற்றாண்டு. சோழ அரசி ஒருவரின் பேர் வைத்தது. சோழர் ஆண்ட காலத்தில் அந்த ஊருக்கே ஜனநாத மங்கலம் என்று பேர். சோழன் படையெடுத்துப் போய்ப் பிடித்த ஊர்தான், அதில் பெருமையடிக்க நான் வரவில்லை. அந்த மண்ணில் ரெண்டு கூட்டத்தின் கதை, சண்டை, கலப்பு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கல்லாக நிற்கிறது. கேமராவுக்கு அந்தச் சிக்கல் எதுவும் தேவைப்படவில்லை. புன்னகைக்கும் ஒரு முகம் போதுமாயிருந்தது.

*

"யோவ், அது பாட்டுய்யா, பத்திரிகைச் செய்தியா? இருபது இருபத்திரண்டு வயசுப் பசங்க, கம்பெனி காசில் ஊர் சுற்ற வந்தார்கள், அவர்களிடம் போய் இனப்பிரச்சினை கேட்கிறாயே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். அந்தப் பசங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட குரோதம் இல்லை. ஆனால் 'அது வெறும் பாட்டு' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் குப்பை கொட்டுவது இதே பர்மிங்காமில்தான். அவர்கள் வளர்ந்த ரம் ரன்னர் என்ற கிளப் இருந்த பிராட் ஸ்ட்ரீட் வழியாகத்தான் தினமும் ஆணி பிடுங்கப் போகிறேன். (கிளப் இப்போது இல்லை, 1987இல் இடித்துவிட்டார்கள்.) 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். மோட்டார் தொழிலை நம்பியிருந்த இந்த வட்டாரத்துக்கு அடி பலம். அதற்கு முந்தின வருஷம் ஜூலையில், நம் ஊர்க்காரர்களும் கரீபியன்காரர்களும் நிறைந்த ஹேண்ட்ஸ்வொர்த்தில் கலவரம். இதே ஊரில் வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்கு நிரப்பும் படிவத்தின் நம்பரையே பேராக வைத்துக்கொண்டு ஒரு கோஷ்டி பாடிக்கொண்டிருந்தது, யூபி40. இங்கிருந்து அரைமணி ரயில் தூரத்தில் கவன்ட்ரி. அந்த ஊர் ஸ்பெஷல்ஸ் கோஷ்டி, செத்துக்கொண்டிருக்கும் நகரத்தைப் பற்றி 'கோஸ்ட் டவுன்' என்று பாடி 1981 ஜூலையில் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பாடிய கோஷ்டி அது. அதுவும் பாப் பாட்டுதான். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், ஆடினார்கள்.

ஆக, பாப் பாட்டில் ஊர் நிலவரம் வரவே வராது என்பது பொய். ஒரு கோஷ்டி தன் தெருவைப் பார்த்தது. இன்னொரு கோஷ்டி தன் தெருவிலிருந்து தப்பித்து நம் பக்கம் வந்து, நம் தெருவையும் பார்க்காமல் போனது. தப்பித்துப்போக ஆசைப்பட்டதில் தப்பில்லை, யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை, நானே அப்படித் தப்பித்து வந்தவன்தானே. ஆனால் ஒருத்தர் தப்பித்துப் போகும் இடம் இன்னொருத்தர் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கும் இடமாக இருக்கலாம் என்ற நினைப்பு ஒரு துளி வேண்டும்.

நம்ம ஆட்கள் ரொம்ப யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 2010இல் 'எந்திரன்' படத்தில் கிளிமஞ்சாரோ என்று ஒரு பாட்டு. கிளிமஞ்சாரோ இருப்பது தான்சானியாவில். படம் பிடித்தது பெருவில், மச்சு பிச்சுவில். கண்டமே வேறு! இன்கா ஜனங்கள் கட்டிய நகரத்தின் முன்னால் ஏதோ பழங்குடி வேஷம் போட்ட கூட்டத்தோடு நாம் ஆடினோம், தியேட்டரில் விசில் அடித்தோம். நானும்தான் அடித்தேன். ட்ராலியும் ஹெலிகாப்டரும் நம் கைக்கு வந்தால் நாமும் அதையே செய்வோம் என்பதற்கு இதைவிட ருசு வேண்டாம். இதை வெள்ளைக்காரன் கறுப்பன் வழக்காக நான் நடத்தவில்லை.

*

இப்போது மட்டாஞ்சேரி. கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்கும் ரெண்டே ரெண்டு வேஷம்தான். ஒன்று சினிமாக்காரர்கள் கொடுத்தது. 2004இல் 'பிளாக்', 2007இல் 'பிக் பி', அதே வருஷம் 'சோட்டா மும்பை'. எல்லாம் கொச்சி ரவுடிகள் கதை. அதற்கப்புறம் வந்த வரிசையைக் கேட்கவே வேண்டாம். மட்டாஞ்சேரி என்றால் கொட்டேஷன் கூட்டம், அதாவது கூலிப்படை. சந்து, கத்தி, ஓட்டம். எர்ணாகுளத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது ஊர்ப் பேர் சொன்னால் ஒரு நொடி தயங்குகிறார்களே, அந்தத் தயக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். படங்கள் விறுவிறுப்பானவை, நானும் ரசித்தவன்தான். ஆனால் தயங்குகிறவர் மட்டாஞ்சேரிக்கு வந்தவர் இல்லை, அந்தப் படங்களைப் பார்த்தவர்.

ரெண்டாவது வேஷம் சுற்றுலா கொடுத்தது. 1568இல் கட்டிய பரதேசி சினகாக், தரையில் சீனத்து நீலக் கல், 1760இன் மணிக்கூண்டு, டச்சு அரண்மனையின் ராமாயண ஓவியம். எல்லாம் உண்மை, எல்லாம் அழகு. யூதர்களில் ஏறக்குறைய எல்லோரும் இஸ்ரேல் போய்விட்டார்கள், அவர்கள் தெருவில் இன்று பழம்பொருள் கடைகளும் காஷ்மீர் சால்வைக் கடைகளும். அதே யூதத்தெருவில்தான் மிளகு முன்பேர வணிகச் சங்கம் 1957 முதல் நடந்தது. கூவிக் கூவி விலை பேசுவார்கள். உலகத்து மிளகு விலையே அந்தக் கூச்சலைக் காதில் வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பிற்பாடு வியாபாரம் கணினிக்குப் போனது, கூச்சல் அடங்கியது. இன்று 'மிளகு' என்ற பேர் கஃபே பலகைகளில் இருக்கிறது.

கிட்டத்தட்ட சொல்லிவைத்த மாதிரி, அதே காடும் அதே புத்தரும். பாயும் மிருகம் ஒரு பாட்டுக்கு, சாந்தமான இடிபாடு இன்னொரு பாட்டுக்கு.

ரெண்டிலும் இல்லாதது என்ன? துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. சாப்பா என்றால் உலோக வில்லை. காலையில் வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்துக்குள் அதை வீசி எறிவார்கள். பாய்ந்து, முட்டி மோதி, பொறுக்கி எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை. கிடைக்காதவனுக்குப் பட்டினி. மனுஷனைக் கோழி மாதிரி கொத்த வைத்த அந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆன்டணி என்று மூன்று பேர் உயிர் போனது. சினகாக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சரி, பயணியை விடுங்கள். ஊர்ப் பேர் கேட்டுத் தயங்கிய அந்த எர்ணாகுளத்துக்காரருக்குத் தெரியுமா?

நம் ஆட்களும் அங்கே உண்டு. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வெளியில் தோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் துணி துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் வண்ணார் சமூகத்தினர் இன்றும் அங்கே துவைக்கிறார்கள், கயிற்று முறுக்கிடையில் துணியைச் செருகி உலர்த்துகிறார்கள், கரி இஸ்திரிப்பெட்டி போடுகிறார்கள். வரிசையாகத் தொங்கும் வெள்ளைத் துணி, நடுவே ஒரு முதியவர்: இதைவிட நல்ல போட்டோ கிடைக்காது. எடுத்துக்கொண்டு போகிறார்கள். தாத்தா என்ன பாஷை பேசுகிறார், அந்த ஒரு சட்டைக்கு அவருக்கு என்ன கூலி என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

பாட்டு என்று வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குச் சொந்தமாகப் பாட்டே இல்லாத மாதிரி இங்கிலாந்துக் கீபோர்டைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். 1981இல் காலமான மெஹபூப், சினிமாவிலும் பாடி, அதைவிட அதிகமாகக் கொச்சிக்காரர்களின் கல்யாண வீடுகளிலும் மெஹ்ஃபில்களிலும் பாடிய குரல். 2018இல் காலமான உம்பாயி, மலையாளத்தில் கஜல் என்றால் முதலில் நினைவுக்கு வரும் மட்டாஞ்சேரிக்காரர். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு மாடியிலிருந்து ஹார்மோனியம் கேட்ட ஊர் அது. மேலைச் சங்கீதம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, கொச்சியில் அதற்கும் பாரம்பரியம் உண்டு. இங்கிலீஷ் ராக் பாடிய 'தர்ட்டீன் ஏடி' இந்த ஊர்க் கோஷ்டிதான். விளம்பரம் எடுத்தவர் ஊரில் ஒரு சாயங்காலம் காதைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

*

"ஹோட்டல் வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்காதா? கிடங்கு இடிந்து விழுவதைவிட இது மேல் இல்லையா?" மேல்தான். அப்பாவே அதைத்தான் சொல்லியிருப்பார். மிளகு வியாபாரம் சுருங்கியது ஹோட்டல்காரர் குற்றமில்லை. சரக்கு கன்டெய்னருக்கு மாறியதும், வியட்நாம் மிளகு வந்து விலையை அடித்ததும் எல்லாம் சேர்ந்து காலி செய்த கிடங்கு அது. ஓடு மாற்றி, உத்தரம் மாற்றி, இன்னும் நூறு வருஷம் நிற்கும்படி செய்தவருக்கு நன்றி சொல்லவும் தயார்.

ஆனால் பின்னணிக் காட்சியாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. பின்னணிக்குத் தாகம் எடுக்காது. மேற்குக் கொச்சியில் கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நின்றது என் அம்மா. அந்தக் குடவரிசைக்குப் பக்கத்திலேயே நின்று பழைய கதவுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம் ரவுடிப் படத்துக்கும் பொருந்தாது, தியான வீடியோவுக்கும் பொருந்தாது. ரெண்டு வேஷத்திலும் சேராத கஷ்டம் யார் கண்ணுக்கும் படாது, கண்ணில் படாததற்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தையும் மட்டாஞ்சேரியையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே போனது உயிர், இங்கே போவது வாடகையும் தண்ணீரும். ஆனால் பார்க்கத் தெரியாத கேமரா ஒன்றேதான்.

வேறு மாதிரியும் பார்க்கலாம் என்பதற்கு எங்கள் கரையிலேயே சாட்சி இருக்கிறது. ராஜீவ் ரவி 2013இல் 'அன்னயும் ரசூலும்' எடுத்தார். டாக்சி ஓட்டும் ஒரு பையனின் காதல் கதை. அதில் ஊர் பின்னணியாக நிற்கவில்லை, படகு பிடித்து வேலைக்குப் போய்வந்தது. அதோடு கிளம்பிவிடவில்லை அவர். அதே கரைக்குத் திரும்ப வந்து, கே. எம். சிதம்பரனின் நாடகத்திலிருந்து 'துறமுகம்' எடுத்தார். 2023இல் வெளியானது. சாப்பா வீசுவதும், 1953 துப்பாக்கிச்சூடும் அதில் இருக்கின்றன. படம் ஓடியதா ஓடவில்லையா என்பது வேறு விஷயம். ஒரு ஆள் ரெண்டாவது தடவை வந்தார், முதல் தடவை கேட்காததைக் கேட்டார். அடுத்த பாட்டு என்றால் எனக்கு அதுதான் அடுத்த பாட்டு.

ஆகவே என் கோரிக்கை ரொம்பச் சின்னது. அந்த ஹோட்டல் முற்றத்துச் சுவரில் ஒரு பலகை வைக்கட்டும். இங்கே மிளகு காய்ந்தது, இத்தனை பேர் மூட்டை சுமந்தார்கள், இன்னின்னார் கணக்கு எழுதினார்கள் என்று. பேர்களுக்குப் பஞ்சமில்லை. கூலிப் பதிவேட்டின் நகல் ஒன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது, அவர் கையெழுத்தில், நீல மையில், வாரம் வாரமாக. கேட்டால் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், காசு வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாராவது மட்டாஞ்சேரி போவதாக இருந்தால், சினகாக் பார்த்த கையோடு பஜார் ரோட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரிடமாவது "இக்கா, சாப்பா எறியறதைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான். அப்புறம் போட்டோ எடுங்கள்.

டிஸ்கி: அந்தப் பாட்டை இன்றைக்குக் காலையிலும் கேட்டேன். ட்ராமில், ஹெட்போனில். இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். :-)